சீதபேதி அமீபாவின் வழியை அறிந்து அதை மறிப்பது எப்படி: டர்பன் வீடுகளுக்கு ஒரு கையேடு

வயிற்றைக் கடுத்துக்கொண்டு சளியும் இரத்தமுமாகப் பேதி போகும்போது, மருந்துக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரையை வாங்கி விழுங்கி, இரண்டு நாளில் பேதி நின்றதும் நோயும் போய்விட்டது என்று நம்பிவிடுவது நம் குடும்பங்களில் வெகுகாலமாக இருந்துவரும் பழக்கம். டர்பனில் ஓர் ஆய்வகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் மலத்தையும் சீழையும் நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தவள் நான். அந்த நம்பிக்கையை அமீபா எத்தனை முறை பொய்யாக்கியது என்பதைப் பார்த்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன். பேதி நின்ற பிறகும் அமீபா குடலில் தங்கியிருக்கலாம். பேதியே வராமல் அது கல்லீரலுக்குப் போயிருக்கலாம். நலமாக நடமாடும் ஒருவரின் கையிலிருந்து அது அடுத்தவரின் தட்டுக்குப் போய்க்கொண்டும் இருக்கலாம். இந்த மூன்றும் எப்படி நடக்கின்றன என்பது விளங்கிவிட்டால், எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கிவிடும். ஆகவே அமீபா பயணம் செய்யும் வரிசையிலேயே இதைச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் அதன் இரண்டு உருவங்களைப் பிரித்தறியுங்கள்

இந்த ஒட்டுண்ணியின் பெயர் என்டமீபா ஹிஸ்டோலைட்டிகா. 1875-ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஃபியோதர் லோஷ் என்னும் மருத்துவர், பேதியால் வாடிய ஒரு நோயாளியின் மலத்தில் இதைக் கண்டு விவரித்தார். 1903-இல் ஜெர்மன் ஆய்வாளர் ஃபிரிட்ஸ் ஷவுடின், திசுவைக் கரைப்பது என்ற பொருள்பட ஹிஸ்டோலைட்டிகா என்று பெயர் வைத்தார். ஒரே உயிரணுவால் ஆன இந்த உயிரி இரண்டு உருவங்களில் வாழ்கிறது. ஒன்று, குடலுக்குள் ஊர்ந்து இரைதேடும் மென்மையான அமீபா. மற்றொன்று, உறுதியான சுவருக்குள் ஒடுங்கிக் கிடக்கும் சிஸ்ட். சிஸ்ட் பெரும்பாலும் 12 முதல் 15 மைக்ரான் விட்டமுள்ள உருண்டை. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் 60-க்கும் மேற்பட்டவற்றை வரிசையாக வைக்கலாம்.

ஊரும் அமீபா உடலை விட்டு வெளியே வந்தால் சிறிது நேரத்தில் மடிந்துவிடுகிறது. தப்பித் தவறி யாராவது விழுங்கினாலும் வயிற்று அமிலம் அதைக் கொன்றுவிடும். சிஸ்ட் அப்படியல்ல. ஈரமான மண்ணிலும் தண்ணீரிலும் அது நாள்கணக்கிலிருந்து வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நன்றாகக் காய்ந்தாலோ கொதித்தாலோ சாகும். இனி, பலரும் தலைகீழாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு செய்தி. கடும் பேதியில் குடல் வேகமாக இயங்குவதால் அமீபாவுக்குச் சுவர் கட்டிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை; அந்த மலத்தில் வெளியேறுவது பெரும்பாலும் விரைவில் சாகப்போகும் ஊரும் அமீபாக்களே. கெட்டியான, இயல்பான மலத்தில்தான் சிஸ்ட்கள் நிறைந்திருக்கின்றன. எனவே படுக்கையில் கிடக்கும் நோயாளியைக் காட்டிலும், ஒரு குறையுமின்றிச் சமையலறையில் நிற்பவரே நோயைப் பரப்பக்கூடியவர். கை கழுவுவதைப் பேதி உள்ளவருக்கு மட்டும் வலியுறுத்துவது போதாது என்பதற்கு இதுவே காரணம்.

தண்ணீரில் மறிப்பது

நம் நகராட்சிக் குழாய்த் தண்ணீர், கலங்கலைத் திரட்டிப் படியவைத்து, மணல் வடிகட்டிகளின் வழியே விட்டு, அதன்பின் குளோரின் கலந்து வருவது. சிஸ்டைப் பொறுத்தவரை இந்த முறைகளில் உண்மையான காவல் மணல் வடிகட்டியே. குடிநீரில் வழக்கமாகக் கலக்கப்படும் அளவு குளோரினை சிஸ்ட் தாங்கிக்கொள்கிறது. ஆகவே சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக இயங்கும் நாளில் நாம் அஞ்ச வேண்டியதில்லை. அது இயங்காத நாள்களில்தான் விழிப்பு வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் மாகாணமான குவாசூலு-நட்டாலில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டதோடு, டொங்காட் பகுதிக்குத் தண்ணீர் தந்த நிலையமும் சிதைந்து, அங்குள்ள மக்கள் பல மாதங்கள் லாரித் தண்ணீரையும் கூரைத் தண்ணீரையும் ஊற்றுகளையும் நம்பி வாழ நேர்ந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். கழிவுநீர்க் குழாய்களும் அதே வெள்ளத்தில் உடைந்தன. குடிநீரும் கழிவுநீரும் கலப்பதற்கு இதைவிட வேறு சூழல் வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட நாள்களில் செய்ய வேண்டியது இது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஒரு பாத்திரத்தில் அசையாமல் வைத்துப் படியவிட்டு, மேல் தண்ணீரைச் சுத்தமான பருத்தித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். துணி சிஸ்டைப் பிடிக்காது. கொதிக்கவைப்பதற்கு முன் அழுக்கைக் குறைப்பதற்காக மட்டுமே இந்த வேலை. பின்பு தளதளவென்று கொதி வந்ததும் ஒரு நிமிடம் அப்படியே கொதிக்கவிட வேண்டும். கடல் மட்டத்தில் இருக்கும் டர்பனுக்கும், உயரத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்குக்கும் அந்த ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேலான மலையூர்களில் மூன்று நிமிடம் வேண்டும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவைத்து, வாய் குறுகிய கலத்தில் ஊற்றிவைத்து, குவளையையோ கையையோ உள்ளே விடாமல் சாய்த்து ஊற்றிக் குடியுங்கள். கொதிக்கவைத்த தண்ணீரில் அழுக்கு விரல் ஒன்று பட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். மின்வெட்டு உள்ள நாள்களில் கெட்டிலை நம்பாமல், எரிவாயு அடுப்பில் காலையிலேயே அன்றைக்கு வேண்டியதைக் காய்ச்சி வைத்துவிடுவது நல்லது.

வீட்டு ப்ளீச்சை, அதாவது நாம் எல்லோரும் ஜிக் என்றே சொல்லிப் பழகியதை, வாளித் தண்ணீரில் கலந்து வைக்கும் வழக்கம் காலரா போன்ற பாக்டீரியா நோய்களைத் தடுக்க உதவும்; அதை நிறுத்தச் சொல்லவில்லை. அமீபா சிஸ்டுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். அதேபோல், தண்ணீர்ப் பரிசோதனைத் தாளில், மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியாவான ஈ. கோலை இல்லை என்று இருந்தால் அந்தத் தண்ணீரில் சிஸ்டும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குளோரின் பட்டவுடன் ஈ. கோலை செத்துவிடுகிறது, சிஸ்ட் பிழைத்திருக்கிறது. ஒன்றை வைத்து மற்றொன்றை அளக்க இயலாது. வடிகட்டி வாங்குவதானால், துளை ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவோ என்பதை அட்டையில் பார்த்து வாங்குங்கள்.

பணக்கார நகரங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1933-இல் சிக்காகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரண்டு ஹோட்டல்களின் குழாய்களில் இருந்த கோளாறினால் கழிவுநீர் குடிநீரில் கலந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அமீபா தொற்றி, ஏறத்தாழ 100 பேர் இறந்தனர். நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்கள் ஆவதால், விருந்தினர்கள் தத்தம் ஊர்களுக்குப் போன பிறகே நோயில் விழுந்தார்கள். குடல்வால் அழற்சி என்று எண்ணி அறுவை செய்யப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. நேற்றுச் சாப்பிட்டதைக் குறை சொல்லும் நம் வழக்கம் இந்த நோயில் ஏன் தவறாகிறது என்பதற்கும் அந்த இடைவெளியே விடை.

குடிப்பதற்குக் காய்ச்சிய தண்ணீரை வைத்துக்கொண்டு, காய்கறி கழுவக் கூரைத் தொட்டித் தண்ணீரை எடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். பன்னி சௌவுக்கு, அதாவது குடைந்து குழம்பு நிரப்பிய ரொட்டிக்கு, தொட்டுக்கொள்ளும் சம்பல் முழுவதும் பச்சைக் காய்: துருவிய காரட், வெங்காயம், பச்சை மிளகாய். காரட்டைத் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவி, கத்தியையும் பலகையையும் கழுவிய பிறகு துருவுங்கள். கொத்தமல்லித் தழை, லெட்யூஸ் போன்றவற்றை ஓடும் நல்ல தண்ணீரில் இலை இலையாகக் கழுவி, வினிகரில் 10 அல்லது 15 நிமிடம் ஊறவைப்பது மருத்துவ நூல்கள் சொல்லும் வழி. தண்ணீர் சந்தேகமான நாள்களில் சமைத்து உண்பதே என் அறிவுரை. ஆடி மாதக் கூழ்ப் படையலில் கூழ் கொதித்ததுதான், ஆனால் ஆறிய பின் அதைக் கரைக்கும் தண்ணீரும் அதில் இடும் வெங்காயமும் கொதித்தவை அல்ல. அந்தத் தண்ணீரையும் முன்கூட்டியே காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுபோனால் நூறு பேருக்கு நன்மை. காவடி எடுக்க ஆற்றங்கரையில் நீராடுவோர் வாயில் தண்ணீரை எடுத்துக் கொப்பளிக்காமல், வாய் கொப்பளிக்க ஒரு புட்டித் தண்ணீரை உடன் வைத்துக்கொள்ளலாம். விரதத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது.

குடலுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

விழுங்கப்பட்ட சிஸ்டை வயிற்று அமிலம் ஒன்றும் செய்வதில்லை. அதன் சுவருக்கு வலுத் தருவது கைட்டின். நண்டின் ஓட்டிலும் இருப்பது இதே பொருள்தான். சிறுகுடலின் கடைப்பகுதியை எட்டியதும் சுவர் திறக்கிறது. உள்ளே இருந்த நான்கு உட்கருக்கள் எட்டாகி, எட்டுச் சிறு அமீபாக்களாகப் பிரிந்து, பெருங்குடலின் தொடக்கத்தில் குடியேறுகின்றன.

பெருங்குடலின் உட்சுவரை ஒரு சளிப்படலம் மூடியிருக்கிறது. குடலில் நிறைந்துள்ள பாக்டீரியாக்கள் சுவரைத் தொடாமல் இருப்பது இதனால்தான். அமீபாவின் மேற்பரப்பில் காலக்டோஸ் வகைச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் லெக்டின் என்னும் புரதம் இருக்கிறது. சளியில் அந்தச் சர்க்கரை நிறைய இருப்பதால் அமீபா அதில் ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலோரிடம் கதை இங்கேயே நின்றுவிடுகிறது. அமீபா சளியின் மேல் இருந்து பாக்டீரியாக்களைத் தின்று, பெருகி, சிஸ்டாகி, வெளியேறுகிறது. அதைச் சுமப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தொற்றியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் இப்படி இருப்பவர்கள்.

மீதிப் பேரிடம் அமீபா சளிப்படலத்தைக் கடக்கிறது. சிஸ்டீன் புரோட்டியேஸ் என்னும் நொதிகளைச் சுரந்து சளியின் புரதக் கட்டமைப்பை வெட்டி இளக்கி, குடல் சுவரின் உயிரணுக்களை அடைகிறது. அங்கும் அதே லெக்டின்தான் கைப்பிடி. பிடித்த உயிரணுவை அமீபா எப்படிக் கொல்கிறது என்பதில் நம் அறிவு அண்மையில் வளர்ந்திருக்கிறது. உயிரணுவின் சவ்வில் துளையிடும் சிறு புரதங்கள் அமீபாவிடம் உண்டு என்பது முன்பே தெரியும். 2014-இல் வெளிவந்த ஆய்வொன்று, அமீபா உயிருள்ள உயிரணுவைச் சிறு சிறு துண்டுகளாகக் கொறித்துத் தின்கிறது என்றும், அந்தக் கொறித்தலாலேயே உயிரணு மடிகிறது என்றும் காட்டியது. செத்ததை அது பெரிதாக விரும்புவதில்லை. கொறித்த உயிரணு செத்ததும் அதை விட்டு அடுத்த உயிரணுவுக்குப் போகிறது.

காயம் பட்ட இடத்துக்கு நம் உடல் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களை அனுப்புகிறது. அமீபா அவற்றையும் கொல்கிறது. உடைந்த வெள்ளையணுக்களிலிருந்து கொட்டும் நொதிகள், அமீபாவுக்காகத் தயாரானவை, நம் திசுவையே அரிக்கின்றன. ஆகவே புண்ணின் ஒரு பகுதி அமீபா செய்தது, மற்றொரு பகுதி நம் காவற்படையின் சாவினால் விளைந்தது. சுவரின் மேல் அடுக்கைச் சிறிய துளையாகத் துளைத்து இறங்கும் அமீபா, அடியிலுள்ள தளர்ந்த அடுக்கை அடைந்ததும் பக்கவாட்டில் பரவுவதால், புண்ணை வெட்டிப் பார்த்தால் கழுத்துக் குறுகி வயிறு அகன்ற செம்பைப் போல இருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்குச் சிறு புள்ளியாகத் தெரிவது உள்ளே எவ்வளவு அகன்றது என்று தெரியாது. நுண்ணோக்கியில் முதன்முறை அந்த உருவத்தைப் பார்த்த நாளில், கோயில் செம்பு நினைவுக்கு வந்ததை நான் மறக்கவில்லை.

இதை அறிந்தால் அறிகுறிகள் தாமே பொருள் தரும். சிதைந்த படலமே மலத்தில் வரும் சளி. புண் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தொடும்போது இரத்தம் வருகிறது. மலக்குடல் வரை புண் பரவினால், போக ஒன்றுமில்லாதபோதும் போக வேண்டும் போன்ற முக்கல் வருகிறது. நாம் வயிற்றுக்கடுப்பு என்பது அதையே.

எப்போது அமீபா என்று ஐயப்பட வேண்டும்

பாக்டீரியாவால் வரும் இரத்தபேதி பெரும்பாலும் திடீரென்று, கடுங்காய்ச்சலோடு வரும். அமீபாவால் வருவது ஒன்று முதல் மூன்று வாரங்களில் மெல்ல மெல்ல மிகும். பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சலே இராது. இந்த வேறுபாடு வீட்டில் ஐயப்படுவதற்குத்தான் உதவும், முடிவுகட்ட உதவாது. ஆகவே மலத்தில் இரத்தம் தெரிந்தால் மருத்துவரைப் பார்ப்பதே முறை. அதுவரை செய்ய வேண்டியது இழந்த நீரை ஈடுசெய்வது: காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 8 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். செய்யக் கூடாதது, குடலின் அசைவை நிறுத்தும் லோபெரமைடு போன்ற மாத்திரையை இரத்தபேதிக்குக் கொடுப்பது. வயிறு உப்பிக் கல்லாகிவிட்டாலோ, தொட்டால் துடிக்கும் வலி வந்தாலோ, குழந்தை சிறுநீர் கழிக்காமல் சோர்ந்தாலோ, கருவுற்ற பெண்ணுக்கு இது வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். குடல் ஓட்டையாகும் நிலை அரிது, ஆனால் வந்தால் உயிர் தங்குவது கடினம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாள்பட்ட இரத்தபேதியைக் குடல் அழற்சி நோய் என்று கருதி ஸ்டீராய்டு தொடங்குவதுண்டு. உண்மையில் அது அமீபாவாக இருந்தால், ஸ்டீராய்டு உடலின் தடுப்பாற்றலை அடக்கி, புண்ணைக் குடல் முழுவதும் பரவச் செய்துவிடும். ஆகவே ஸ்டீராய்டு எழுதப்பட்டால், அமீபா இல்லை என்று சோதித்துப் பார்த்தாயிற்றா என்று மரியாதையோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

மலத்தைக் கொடுக்கும் முறை

ஊரும் அமீபா சூடு ஆறியதும் அசைவை இழந்து உருக்குலைகிறது. நீர்த்த மலத்தை அரை மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் பார்த்தால்தான் அதைப் பிடிக்க முடியும். காலையில் எடுத்து மாலையில் கொண்டுவந்து தந்த டப்பாக்களில் எத்தனையோ அமீபாக்களை நான் தவறவிட்டிருப்பேன். முடிந்தால் ஆய்வகத்திலேயே கொடுங்கள். சிறுநீரும் கழிப்பறைத் தண்ணீரும் கலக்காமல் சுத்தமான டப்பாவில் எடுங்கள். சளியும் இரத்தமும் உள்ள பகுதியை எடுங்கள், கெட்டியான பகுதியை மட்டும் அல்ல. சிஸ்ட் ஒவ்வொரு நாளும் வெளியேறாது என்பதால் வெவ்வேறு நாள்களில் மூன்று முறை கொடுக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன் கொடுப்பது நல்லது.

அறிக்கையில் அமீபா சிஸ்ட் காணப்பட்டது என்று வந்துவிட்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. என்டமீபா டிஸ்பார் என்று தோற்றத்தில் வேறுபாடே இல்லாத, தீங்கற்ற உடன்பிறப்பு ஒன்று உண்டு. 1925-இலேயே பிரெஞ்சு ஆய்வாளர் எமில் புரும்ப் இதைச் சொன்னார். அப்போது ஏற்பார் இல்லை. 1993-இல் டயமண்ட், கிளார்க் இருவரும் சான்றுகளைத் திரட்டி இரண்டும் வேறு வேறு இனம் என்று நிலைநாட்டினர். அமீபாவின் உள்ளே விழுங்கப்பட்ட சிவப்பணு தெரிந்தால் ஹிஸ்டோலைட்டிகா என்று ஏறக்குறையத் துணியலாம். சிஸ்டை மட்டும் பார்த்துச் சொல்ல எந்தக் கண்ணாலும் ஆகாது. அமீபாவின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் சோதனையோ, அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையோ வேண்டும். இந்தப் புரிதலில் நம் ஊருக்கும் பங்குண்டு. டர்பனில் காத்திராம், ஜாக்சன் என்ற இரு ஆய்வாளர்கள், நோய் தரும் வகையைச் சுமந்துகொண்டு நலமாக இருந்தவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து, 1987-இல் வெளியிட்டனர்: பத்தில் ஒருவர் வீதம் நோயில் விழுந்தனர், மற்றவர்களின் குடலிலிருந்து அது தானே மறைந்தது. அந்தப் பத்தில் ஒருவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லாததால், ஹிஸ்டோலைட்டிகா உறுதியானால் அறிகுறி இல்லாதவருக்கும் மருந்து தர வேண்டும்.

பேதி இல்லாமல் கல்லீரலில் தெரியும்போது

என் பெரியப்பா ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். ஓர் ஆண்டு காவடி இறக்கிய சில நாள்களில் வலது தோளில் வலி என்றார். காவடியின் பாரம் என்று எல்லோரும் எண்ணினோம், நானும் எண்ணினேன். அவர் போன மருத்துவமனையில் தசைவலிக்கான களிம்பும் மாத்திரையும் தந்தார்கள். இரண்டு வாரத்தில் குளிர்காய்ச்சலும் இரவில் வியர்வையும் வந்து, உடல் மெலிந்து, வலது விலாவின் கீழே விரல் பட்டால் துடித்தார். ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலின் வலப் பகுதியில் பெரிய சீழ்க்கட்டி. அதற்கு முன் பேதி வந்ததா என்று கேட்டால், இல்லை என்றே சொன்னார். அது உண்மையும் கூட. கல்லீரல் கட்டி வருவோரில் பெரும்பாலோருக்கு அந்த நேரத்தில் பேதி இருப்பதில்லை.

குடலிலிருந்து இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் அமீபா நுழைந்துவிட்டால், அது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கல்லீரலின் வலப் பகுதி. அங்கே திசு கரைந்து பழுப்பு நிறக் குழம்பாகிறது. சீழ் என்று சொன்னாலும் அதில் வெள்ளையணுக்கள் குறைவு. உயிருள்ள அமீபா கட்டியின் ஓரத்தில் இருக்குமேயொழிய நடுவில் இராது என்பதால், உறிஞ்சி எடுத்த சீழில் அமீபா தெரியாமல் போவது வியப்பில்லை. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையே கைகொடுக்கும். வீங்கிய கல்லீரல், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை அழுத்துகிறது. உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவது. தோளுக்கான நரம்பும் அதே இடத்திலிருந்து புறப்படுவதால், வலி தோளில் தெரிகிறது. வயது வந்த ஆண்களுக்கு இது பெண்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு மிகுதி. ஆகவே ஆண் ஒருவருக்கு வலது தோள் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், களிம்பு தேய்ப்பதோடு நிற்காமல் வயிற்றை ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு மருந்துகளையும் முடிப்பது

ஒரு காலத்தில் இந்த நோய்க்கு எமெட்டின் ஊசி போட்டார்கள். அது இதயத்தைத் தாக்கக்கூடிய கொடிய மருந்து, நோயாளியைப் படுக்கையை விட்டு எழவிட மாட்டார்கள். 1966-இல் டர்பனில் பவல், மக்லியோட், வில்மட், எல்ஸ்டன்-டியூ ஆகியோர், மெட்ரோனிடசோல் என்னும் மாத்திரை சீதபேதியையும் கல்லீரல் கட்டியையும் சேர்த்தே குணமாக்குவதை உலகுக்குக் காட்டினர். இன்று உலகின் பல நாடுகளில் இந்நோய்க்கு முதலில் எழுதப்படும் அந்த மருந்து, நம் ஊர் நோயாளிகளிடம் நிறுவப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆனால் மெட்ரோனிடசோல் தனித்து நின்று வேலையை முடிப்பதில்லை. விழுங்கிய மாத்திரை குடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு இரத்தத்தின் வழியே திசுக்களைச் சென்றடைகிறது. அதனால்தான் புண்ணிலும் கல்லீரலிலும் அது அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. அதே காரணத்தால் பெருங்குடலின் உள்வெளியில் கிடக்கும் சிஸ்ட்களை அது போதிய அளவில் எட்டுவதில்லை. அவற்றை ஒழிக்க, உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கும் இரண்டாவது மருந்து வேண்டும். பரோமோமைசின், டிலாக்ஸனைடு ஆகியவை அவ்வகை. எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். முதல் மருந்து முடிந்ததும் அடுத்தது என்ன என்று நீங்கள் கேட்காவிட்டால் பல வேளைகளில் அது எழுதப்படுவதில்லை. மெட்ரோனிடசோல் எடுக்கும் நாள்களில் வாயில் உலோகச் சுவையும் சிறுநீரில் கருநிறமும் தோன்றலாம், அஞ்ச வேண்டாம். மதுவை அறவே தொடக் கூடாது.

பெரியப்பாவுக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கியது. ஸ்கேனில் கட்டியின் பள்ளம் தூர்வதற்குப் பல மாதங்கள் ஆகும், அதை நோய் மீண்டதாக எண்ணிக் கலங்கக் கூடாது என்று வீட்டாருக்கு எடுத்துச் சொன்னேன். இரண்டாவது மருந்து எழுதப்படவில்லை; நான் கேட்ட பிறகே கிடைத்தது. அதோடு வீட்டிலிருந்த ஐந்து பேரின் மலத்தையும் சோதிக்கச் செய்தேன். ஒருவரிடம் ஹிஸ்டோலைட்டிகா இருந்தது: 20 ஆண்டுகளாக அந்த வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் போட்ட, ஒரு நாளும் வயிற்றுவலி என்று சொல்லாத பெரியம்மா. யார் யாருக்குக் கொடுத்தார், அல்லது இருவருக்கும் வேறெங்கிருந்தோ வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது, தேவையும் இல்லை. அவர் அழுதுவிட்டார். இது அசுத்தத்தின் அடையாளம் அல்ல, தண்ணீரில் வந்த ஒன்று என்று சொல்லிச் சொல்லித் தேற்றினோம்.

இப்படி ஒருவருக்கு உறுதியான வீட்டில், மருந்து முடியும் வரை அவர் சமையலிலிருந்து விலகியிருப்பது நல்லது. கோயில் அன்னதானத்திலும் அவ்வாறே. கழிப்பறையிலிருந்து வந்ததும், சமைக்கும் முன்பும், குழந்தையின் துணியை மாற்றிய பின்பும் எல்லோரும் சோப்பிட்டு, நகத்தின் இடுக்குவரை ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இரண்டாவது மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்து மலத்தை மறுபடி சோதிக்க வேண்டும். பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் அந்த நாளைச் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையில் குறித்துவைத்தேன். காலை ஏழரை மணிக்கு டப்பாவை வாங்க நானே போய் நின்றேன்.